முட்டுக்கட்டை போடுறவர் தேருக்கு எதிரியா?

பட்டிமன்றத் தலைப்பு: அணுமின் நிலையம் என்றதும் மக்கள் தயங்குவதற்குக் காரணம் அறியாமையே! அவநம்பிக்கையே!
இடம்: ஸ்ரீவில்லிபுத்தூர், ஆடிப்பூரத் திருவிழா மேடை
‘அவநம்பிக்கையே’ அணியின் மூன்றாவது பேச்சு

நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! எங்களை முறைச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! திருவிழாக் கூட்டத்துல இடம் பிடிச்சு, துண்டை விரிச்சு உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டுல டி.வி. பெட்டி முன்னால குழம்பை அடுப்புல வச்சுட்டு மறந்துபோய் உட்கார்ந்திருக்கிற நேயர்களே! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் பக்கத்து ஊர்க்காரி. இராஜபாளையம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனா உங்க ஊருக்குப் பேரு வாங்கிக் கொடுத்தது பால்கோவா, எங்க ஊருக்குப் பேரு வாங்கிக் கொடுத்தது நாய். அந்த வருத்தம் எங்களுக்கு எப்பவும் உண்டு. (சிரிப்பு, கைதட்டல்)

இன்னைக்குச் சாயங்காலம் மேடைக்கு வர்றதுக்கு முன்னால கடையில கால் கிலோ பால்கோவா வாங்கப் போனேன். எனக்கு முன்னால ஒரு பாட்டி நின்னாங்க. படிச்சவங்க மாதிரி தெரியல. கடைக்காரர்கிட்ட கேக்குறாங்க: “ஏம்ப்பா, என்னைக்குக் கிண்டுனது? பசும்பாலா, பவுடரா? விறகு அடுப்புல கிண்டுனதா? எங்கே, கொஞ்சம் கையில குடு பார்ப்போம்.” நாலு கேள்வி கேட்டு, நாக்குல வச்சுப் பார்த்துட்டு, அதுக்கப்புறம்தான் முந்தானையில முடிஞ்ச காசை அவுத்தாங்க.

கடைக்காரர் என்ன செஞ்சாரு? “பாட்டி, உனக்குப் பால்கோவா பத்தி அறிவு பத்தாது. நான் நிபுணர் சொல்றேன், பேசாம வாங்கிட்டுப் போ”ன்னு சொன்னாரா? சொல்லல. பொறுமையா பதில் சொன்னாரு. பாட்டி கால் கிலோவுக்கு அரை கிலோவா வாங்கிட்டுப் போனாங்க. (கைதட்டல்)

கால் கிலோ பால்கோவாவுக்கு நாலு கேள்வி கேட்டா அது கெட்டிக்காரத்தனம். ஆயிரம் மெகாவாட் அணு உலைக்கு நாலு கேள்வி கேட்டா அது அறியாமையா? எதிரணி நண்பர்கள் பதில் சொல்லணும்.

ஒண்ணை முதல்லயே தெளிவாச் சொல்லிடறேன். நான் அணுமின்சாரம் வேண்டாம்னு பேச வரல. இந்த மேடையில எரியுற விளக்கு எந்தக் கரண்டுல எரியுதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நெய்வேலியிலிருந்து வந்த யூனிட்டு, தூத்துக்குடியிலிருந்து வந்த யூனிட்டு, கூடங்குளத்துலயிருந்து வந்த யூனிட்டு எல்லாம் ஒரே கம்பியில கலந்துதான் வருது. அதுல எனக்கும் பங்கு உண்டு. தலைப்பு, உலை வேணுமா வேண்டாமாங்கிறது இல்ல. மக்கள் ஏன் தயங்குறாங்க? அதுதான் கேள்வி.

எனக்கு முன்னால பேசிட்டுப் போன தம்பி ரொம்ப அழகாப் பேசினாரு. “நாட்டு மொத்த மின்சாரத்துல அணுமின்சாரம் நூத்துக்கு மூணு பங்குதான். நாம முன்னேற வேணாமா? ஜனங்களுக்கு விவரம் பத்தலை, அதனாலதான் பயம்”னு சொன்னாரு. தம்பி, நான் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறவ. அணு பிளக்கிறதைக் கரும்பலகையில படம் போட்டு விளக்கிறவ. நானே இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன்னா காரணம் இருக்கு.

2012-ஆம் வருஷத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. கரண்டு ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். சென்னையில ரெண்டு மணி நேர வெட்டுன்னா நம்ம பக்கம் பத்து, பன்னிரண்டு மணி நேரம். எங்க ஊரு நூல் மில்லை நம்பிப் பொழைக்கிற ஊரு. பக்கத்துல சத்திரப்பட்டியில தறியில பேண்டேஜ் துணி நெய்யுறாங்க. ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுற துணி எங்க பக்கத்துல நெஞ்சது. தறி நின்னுபோனா கூலி இல்ல. ராத்திரி பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்கிறது மெழுகுவர்த்தியில. கைக்குழந்தைக்கு விசிறிவிட்டு விசிறிவிட்டு எங்க தெருப் பொம்பளைங்களுக்கெல்லாம் கையே விசிறியாப் போச்சு.

அப்போ நான் என்ன சொன்னேன் தெரியுமா? இந்த மேடையில ஒத்துக்கறேன். “அந்தக் கூடங்குளத்தைத் திறந்து தொலைய வேண்டியதுதானே! நாலு பேரு கடற்கரையில உட்கார்ந்துக்கிட்டு வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போடுறாங்களே!” இதே வாயாலதான் சொன்னேன்.

அந்த வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி. எங்க வீட்டுல கரண்டு வந்த ஒரு மணி நேரத்துல டி.வி.யைப் போட்டேன். இடிந்தகரை கடற்கரை. போலீஸ் ஒரு பக்கம், கண்ணீர்ப் புகை ஒரு பக்கம். பொம்பளைங்க பிள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டுக் கடலுக்குள்ள ஓடுறாங்க. அன்னைக்கு மணப்பாட்டுல ஒரு மீனவர் குண்டடிபட்டு இறந்துபோனாரு. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு மணி நேரம் முடிஞ்சு கரண்டு போயிடுச்சு. இருட்டுல உட்கார்ந்து யோசிச்சேன். எனக்குக் கரண்டு வேணும், சரி. அதுக்காகக் கடலுக்குள்ள ஓடுற அந்தப் பொம்பளையைப் பார்த்து ‘உனக்கு விவரம் தெரியல’ன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? அவ கேட்ட கேள்வி என்னன்னாவது எனக்குத் தெரியுமா? (கைதட்டல்)

அறியாமைதான் காரணம்னா என்ன நடக்கணும்? படிச்சவன் ஏத்துக்கணும், படிக்காதவன் எதிர்க்கணும். அப்படியா நடக்குது?

மலையைத் தாண்டுனா கேரளா. இந்தியாவிலேயே எழுத்தறிவுல முதல் வரிசையில நிக்கிற மாநிலம். அங்க பூதத்தான்கெட்டுல ஒரு அணுமின் நிலையம்னு பேச்சு வந்தது. மக்கள் எதிர்த்தாங்க, கைவிட்டாங்க. அப்புறம் கண்ணூர் பக்கம் பெரிங்கோம்ல வைக்கலாம்னாங்க. அங்கேயும் எதிர்த்தாங்க, அதுவும் போச்சு. கேரளாக்காரனுக்கு எழுதப் படிக்கத் தெரியலையா?

இன்னும் தூரம் போவோம். ஜெர்மனி தன்னுடைய கடைசி மூணு அணு உலைகளை 2023 ஏப்ரல் 15-ஆம் தேதி நிறுத்துனது. சீக்கிரம் மூடிடலாம்னு 2011-இல் முடிவு எடுத்தது யாரு? அப்போ ஆட்சித் தலைவரா இருந்த ஏஞ்சலா மெர்க்கல் அம்மையார். அவங்க பௌதிகம் படிச்சு, ஆராய்ச்சி பண்ணி, டாக்டர் பட்டம் வாங்கினவங்க! அவங்களையும் நம்ம தம்பிகிட்ட ட்யூஷனுக்கு அனுப்பலாமா? (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

அந்த ஜெர்மனிக்குப் பக்கத்து வீடு பிரான்ஸ். அங்க மின்சாரத்துல ஏறத்தாழ மூணுல ரெண்டு பங்கு அணுமின்சாரம். ஜெர்மனிக்காரனும் படிச்சவன், பிரான்ஸ்காரனும் படிச்சவன். இவன் வேண்டாங்கிறான், அவன் வேணுங்கிறான். அப்போ இது படிப்பு சம்பந்தப்பட்ட விஷயமே இல்ல. யாரை எவ்வளவு நம்புறோம்ங்கிற விஷயம்.

நம்ம நாட்டுலயே ஒரு வேடிக்கை நடந்தது. கூடங்குளத்துக்காரங்க ஒரு கேள்வி கேட்டாங்க: “எரிச்சு முடிச்ச எரிபொருளை எங்க வைப்பீங்க?” 2012 நவம்பர்ல இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டுல வந்தப்போ, அரசுத் தரப்புல கோலார் தங்கவயல் பழைய சுரங்கத்தைப் பத்திப் பேச்சு எடுத்தாங்க. அவ்வளவுதான்! கோலார் ஊரே எழுந்திரிச்சுடுச்சு. கடையடைப்பு, மறியல். உடனே ‘அப்படி ஒரு திட்டமே இல்ல’ன்னு பின்வாங்கிட்டாங்க. கூடங்குளத்துக்காரன் கேட்டா அறியாமை. கோலார்க்காரன் கேட்டா? அவனும் அறியாமையா? நாளைக்கு அதை ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துல வைக்கிறோம்னு சொன்னா எதிரணித் தலைவர் மாலை மரியாதையோட வரவேற்பாரா? (சிரிப்பு) அவரு சிரிக்கிறாரு நடுவர் அவர்களே, பதில் சொல்லல! (கைதட்டல்)

இப்போ கூடங்குளத்துக் கதையைச் சுருக்கமாச் சொல்றேன். 1988 நவம்பர் 20-ஆம் தேதி, பிரதமர் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டாங்க. மூணு வருஷத்துல சோவியத் நாடே இல்லாமப் போச்சு. 1998-இல் ரஷ்யாவோட மறுபடியும் ஒப்பந்தம். 2002-இல் கான்கிரீட் போட ஆரம்பிச்சாங்க. எல்லாம் முடிஞ்சு ஓட்டலாம்னு நிக்கிற நேரத்துல, 2011 மார்ச் 11, ஜப்பான்ல சுனாமி. புகுஷிமா. உலகமே டி.வி.யில பார்த்தது.

ஐயா, தமிழ்நாட்டுக் கடற்கரைக்காரன் சுனாமியைப் புஸ்தகத்துல படிச்சவனா? 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கண்ணால பார்த்தவன். தன் வீட்டுக்குப் பக்கத்துலயும் கடல், உலைக்குப் பக்கத்துலயும் கடல். புகுஷிமாவைப் பார்த்ததும் அவன் பயந்தான். அந்தப் பயத்துக்குப் பேரு அறியாமை இல்ல, அனுபவம். (கைதட்டல்)

அந்த வருஷம் செப்டம்பர்ல இடிந்தகரையில 127 பேரு சாகும்வரை உண்ணாவிரதம்னு உட்கார்ந்தாங்க. போராட்டப் பந்தல்ல பொம்பளைங்க பீடி சுத்திக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. ஏன்? அன்னன்னைக்குக் கூலி அன்னன்னைக்கு வேணுமே! அவங்க கேட்டது என்ன? ‘ஒண்ணு ஆயிட்டா நாங்க எங்க போறது? எந்த வழியாப் போறது? யாரு வண்டி அனுப்புவா? நீங்க செஞ்ச ஆய்வு அறிக்கையைக் காட்டுங்க.’

வந்த பதில் என்ன? அப்போ பிரதமரா இருந்த மன்மோகன் சிங் 2012 பிப்ரவரியில், ‘இதுக்குப் பின்னால அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருக்கு’ன்னாரு. உள்ளூர்ல ஆயிரக்கணக்கான பேரு மேல வழக்கு. அதுல தேசத்துரோகப் பிரிவும் உண்டு. அதே 2012 ஏப்ரல்ல மத்திய தகவல் ஆணையம், ‘பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட ஆய்வறிக்கையையும் கேட்டவங்களுக்குக் கொடுங்க’ன்னு உத்தரவு போட்டது. அணுமின் கழகம் என்ன செஞ்சது? பாதுகாப்பு ஆய்வறிக்கையைக் கொடுக்க முடியாதுன்னு டெல்லி ஐகோர்ட்டுக்குப் போச்சு.

நடுவர் அவர்களே, பொண்ணு பார்க்க வந்த இடத்துல மாப்பிள்ளை வீட்டார் “எங்க பையன் தங்கமான பையன்”னு சொல்றாங்க. பொண்ணோட அப்பா, “ரொம்ப சந்தோஷம். பையன் எங்க வேலை பார்க்கிறாரு? ஆபீஸ்ல விசாரிச்சுக்கலாமா?”ன்னு கேக்குறாரு. உடனே பையன் வீட்டார் கோபமா எழுந்து, “எங்களையா சந்தேகப்படுற? உன்னை யாரோ தூண்டி விட்டிருக்காங்க!”ன்னு சொன்னா, அந்த வீட்டுல பொண்ணு கொடுப்பாங்களா? (பலத்த சிரிப்பு) பையன் உண்மையிலேயே தங்கமான பையனாக்கூட இருக்கலாம்! ஆனா சந்தேகம் எங்கிருந்து வந்தது? பையன்கிட்டயிருந்து இல்ல. பதில் சொல்ற முறையிலயிருந்து. (கைதட்டல்)

இந்த இடத்துல எங்க வீட்டுக் கதை ஒண்ணு. எங்க வீட்டுக்கு முதன்முதலா கேஸ் அடுப்பு வந்த கதை. எங்க அம்மா அதுவரைக்கும் விறகு அடுப்புதான். சிலிண்டரைப் பார்த்ததும் பத்தடி தள்ளிப் போயிட்டாங்க. “அது குண்டு மாதிரி இருக்கு, எனக்கு வேண்டாம்.” எங்க அப்பா மில்லுல வேலை பார்த்தவரு, மெஷின் பத்தித் தெரிஞ்சவரு. அவரு லெக்சர் அடிக்கிறாரு: “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. ஊர்ல எல்லாரும் வச்சிருக்காங்க. ஆபத்தே கிடையாது. நீ ஒரு பட்டிக்காடு!” மூணு நாள் சொன்னாரு. அம்மா மூணு நாளும் விறகு அடுப்புலதான் சோறு பொங்குனாங்க. அப்பாவுக்குப் புகையும் கிடைச்சது, திட்டும் கிடைச்சது. (சிரிப்பு)

நாலாம் நாள் சிலிண்டர் மாட்டுற அண்ணன் வேற வேலையா எங்க தெருவுக்கு வந்தாரு. அம்மா அவரைக் கூப்பிட்டு, “இது வெடிக்குமா?”ன்னு நேரா கேட்டுட்டாங்க. அவரு சொன்னாரு: “வெடிக்கும்க்கா. கவனிக்கலைன்னா வெடிக்கும். இது ஆபத்தான சாமான்தான்.” அப்பாவுக்கு முகமே செத்துப்போச்சு. அந்த அண்ணன் அதோட விடல. தரையில உட்கார்ந்தாரு. “இந்தா பாருங்க, இதுதான் ரெகுலேட்டர். இப்படித் திருப்புனா மூடிக்கும். ராத்திரி படுக்கும்போது மூடிடணும். ட்யூபை அப்பப்போ பார்த்து மாத்தணும். கசிஞ்சா லைட்டு சுவிட்சைத் தொடாதீங்க, கதவு ஜன்னலைத் திறந்துட்டு வெளியே வாங்க.” அம்மா கேட்டாங்க, “கசியுறது எனக்கு எப்படித் தெரியும்?” அதுக்கு அவரு சொன்னதுதான் இன்னைக்கு என் பேச்சுக்கே ஆதாரம். “கேஸுக்குன்னு வாசனை கிடையாதுக்கா. கசிஞ்சா உங்களுக்குத் தெரியணும்னு வேணும்னே ஒரு நாத்தத்தைச் சேர்த்து அனுப்புறாங்க.”

அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுல கேஸ் அடுப்புல காபி. (கைதட்டல்)

நல்லாக் கவனிங்க. ‘ஆபத்தே இல்ல’ன்னு சொன்ன புருஷனை அம்மா நம்பல. ‘ஆபத்து இருக்கு, வந்தா இப்படிச் செய்யணும்’னு சொன்ன மூணாவது மனுஷனை நம்புனாங்க. எங்க அம்மாவுக்கு அந்த மூணு நாளும் இருந்தது அறியாமையா? அறியாமைன்னா அப்பாவோட லெக்சர்லயே போயிருக்கணுமே!

கதிர்வீச்சுக்கும் நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது. அப்போ அதுக்கு ‘நாத்தத்தைச் சேர்த்து’ ஜனங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டியது யாரு? நிலையத்தை நடத்துறவங்கதானே? அது நடந்ததா?

1986 ஏப்ரல் 26. செர்னோபில். அதிகாலையில உலை வெடிச்சது. பக்கத்துல இருந்த பிரிப்யாட் நகரத்து ஜனங்களை வெளியேத்தவே மறுநாள் மத்தியானம் ஆச்சு. வெளி உலகத்துக்கு எப்படித் தெரிஞ்சது? ஏப்ரல் 28, ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், சுவீடன் நாட்டு அணுமின் நிலையத்துல ஒரு ஊழியரோட காலணியில கதிர்வீச்சுன்னு அலாரம் அடிச்சது. அவங்க தங்க நிலையத்துலதான் ஏதோ கோளாறுன்னு தேடிப் பார்த்து, ‘இல்ல, இது வேற எங்கிருந்தோ காத்துல வந்தது’ன்னு கண்டுபிடிச்சாங்க. சொந்த நாட்டு அரசாங்கம் வாயைத் திறக்கிறதுக்கு முன்னால, சுவீடன்காரன் செருப்பு உண்மையைச் சொல்லிடுச்சு! (கைதட்டல்) சுமார் நூறு கிலோமீட்டர்ல இருந்த கீவ் நகரத்துல மே 1-ஆம் தேதி எதுவுமே நடக்காத மாதிரி ஊர்வலம் நடத்துனாங்க. பிள்ளைகுட்டிகளோட.

“அது இரும்புத்திரை நாடு, அப்படித்தான்”னு சொல்லுவீங்க. சரி, ஜப்பான்? புகுஷிமாவுல 2011 மார்ச்சுல உலைக்குள்ள எரிபொருள் உருகுனது. ‘உருகிடுச்சு’ன்னு அந்த நிறுவனம் ஒத்துக்கிட்டது மே மாசம். ரெண்டு மாசம்! ‘அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கன்னு எங்க தலைவரே சொல்லி வச்சிருந்தாரு’ன்னு 2016-இல் அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஜப்பான் பார்லிமெண்டு போட்ட விசாரணைக் குழு 2012-இல் என்ன சொன்னது? இது இயற்கை மட்டும் செஞ்ச விபத்து இல்ல, மனுஷன் உண்டாக்குன விபத்துன்னு சொன்னது.

நம்ம ஊருக்கு வாங்க. 2019. கூடங்குளம் நிலையத்துக் கம்ப்யூட்டர்ல விஷமப் புரோகிராம் புகுந்துடுச்சுன்னு செய்தி பரவுது. அக்டோபர் 29-ஆம் தேதி நிலையத்திலிருந்து ஒரு அறிக்கை: ‘பொய்ச் செய்தி’. மறுநாள் 30-ஆம் தேதி அணுமின் கழகமே இன்னொரு அறிக்கை: ‘ஆமா, நிர்வாக வேலைக்கு வச்சிருந்த கம்ப்யூட்டர்ல இருந்தது. உலையை இயக்குற கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் தொடர்பே இல்ல’. சரி ஐயா, உலைக்கு ஒண்ணும் ஆகல. அதை நான் நம்புறேன். ஆனா முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாமே! முதல் நாள் ‘இல்ல’, மறுநாள் ‘இருக்கு’ன்னா, மூணாவது நாள் நீங்க சத்தியமே பண்ணுனாலும் யாரு நம்புவா? (கைதட்டல்)

எதிரணியில ஒரு சகோதரி ஒரு நல்ல விஷயம் சொன்னாங்க. நான் மறுக்கல. 2004 சுனாமியில கல்பாக்கம் நிலையத்துக்குள்ள கடல் தண்ணி வந்தது. ஓடிக்கிட்டிருந்த உலையைப் பத்திரமா நிறுத்துனாங்க. உண்மை. அங்க வேலை பார்த்தவங்களுக்கு இந்த மேடையிலயிருந்து ஒரு கும்பிடு. அவங்க இன்னொண்ணும் சொன்னாங்க: “தேனிப் பக்கம் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வருதுன்னதும் அணுகுண்டு வருதுங்கிற மாதிரி வதந்தி பரவுச்சே, அது அறியாமை இல்லையா?” கொஞ்சம் அறியாமை இருந்தது. ஒத்துக்கறேன். நியூட்ரினோ எந்நேரமும் நம்ம உடம்பு வழியாக் கோடிக்கணக்குல போய்க்கிட்டுதான் இருக்கு, ஒண்ணும் பண்ணாது. விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிற எனக்கு இது தெரியும். ஆனா சகோதரி, வதந்தி எங்க வளரும்? உண்மை லேட்டா வர்ற இடத்துலதான் வளரும். வெறும் வீட்டுலதானே பேய் குடிவரும்? (கைதட்டல்)

கடைசியா நம்ம மாவட்டத்துக்கு வர்றேன். விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்கு ஆபத்துன்னா பயம்னு யாரும் சொல்ல முடியாது. சிவகாசி பக்கத்துலதான் இருக்கு. மருந்தைக் கையால தொட்டுப் பொழைக்கிற ஜனங்க நாம. பட்டாசு ஆலைக்குச் சட்டம் இல்லையா? இருக்கு. ஒரு அறையில எத்தனை பேரு இருக்கணும், எவ்வளவு மருந்து இருக்கணும், எல்லாத்துக்கும் விதி இருக்கு. அப்படி இருந்தும் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில என்ன நடந்தது? ஒரே நாள்ல முப்பதுக்கும் மேற்பட்ட உயிர். இடிந்தகரை கடற்கரையில நான் டி.வி.யில பார்த்த அந்தச் சம்பவத்துக்கு அஞ்சே நாள் முன்னால. அதுக்கப்புறமும் விபத்து நின்னுச்சா? ஒவ்வொரு தடவையும் நாம பேப்பர்ல படிக்கிறது ஒரே வரிதான்: விதிமீறல்.

அப்போ, ‘எல்லா விதியும் இருக்கு, பயப்படாதே’ன்னு ஒருத்தர் வந்து சொன்னா இந்த மாவட்டத்துக்காரன் என்ன நினைப்பான்? ‘விதி இருக்குன்னு எனக்கும் தெரியும் சாமி. நடக்குமான்னு சொல்லு’ன்னுதானே கேப்பான்? இதுக்குப் பேரு அறியாமையா? நாப்பது, அம்பது பிணத்தைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவு ஐயா இது! (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணி அடிக்கக் கையைத் தூக்கிட்டாங்க. ரெண்டே நிமிஷம்.

“வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போடுறாங்க.” எதிரணியில மூணு பேரும் இந்த வார்த்தையைச் சொன்னாங்க. நானே ஒரு காலத்துல சொன்னேன்னு ஒத்துக்கிட்டேன். வேற எந்த ஊர் மேடையில சொல்லியிருந்தாலும் பரவாயில்ல, ஸ்ரீவில்லிபுத்தூர் மேடையில வந்து முட்டுக்கட்டையைக் குறை சொல்லலாமா? (சிரிப்பு, கைதட்டல்)

ஆண்டாள் தேர் எவ்வளவு பெரிய தேருன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆயிரக்கணக்கான பேரு வடம் பிடிக்கிறாங்க. ஆனா வடம் பிடிச்சு இழுக்கிறவங்களுக்குச் சக்கரம் தெரியாது. அவங்க முன்னால இருக்காங்க, ‘கோவிந்தா’ன்னு கோஷம் போட்டுக்கிட்டு. தேர்ல நிக்கிறவங்களுக்கும் சக்கரம் தெரியாது. அவங்க மேல இருக்காங்க. சக்கரம் யாருக்குத் தெரியும்? கீழே, சக்கரத்துக்குப் பக்கத்துல, கட்டையைக் கையில வச்சுக்கிட்டுக் குனிஞ்சு நிக்கிறாரே, அவருக்குத் தெரியும். கீழ ரத வீதியிலிருந்து தெற்கு ரத வீதிக்குத் தேர் திரும்பணும்னா அவரு கட்டையைக் கொடுக்கணும். வேகமாப் போனா நிறுத்தணும்னாலும் அவரு கட்டையைக் கொடுக்கணும். கட்டை இல்லாத தேர் எங்க போகும்? பக்கத்து வீட்டுத் திண்ணைக்குத்தான் போகும்! (சிரிப்பு) தப்புனா முதல்ல நசுங்குறதும் அவரு கைதான். அவரு தேருக்கு எதிரியா?

கூடங்குளத்துலயும் அதுதான் நடந்தது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பைச் சேர்ந்தவர் போட்ட வழக்குல 2013 மே 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. உலையை ஓட்டலாம்னு சொன்னது. ஆனா சும்மா சொல்லல, 15 கட்டளையோட சொன்னது. புகுஷிமாவுக்குப் பிறகு செய்யச் சொன்ன 17 பாதுகாப்புப் பரிந்துரைகளை நிறைவேத்தணும். எரிச்சு முடிச்ச எரிபொருளை வைக்க ஏற்பாடு பண்ணணும். ஊர் ஜனங்களுக்கு ஒத்திகை நடத்தணும். போராடுனவங்க மேல போட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கணும். அதுக்கப்புறம் அந்த வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி முதல் உலையிலிருந்து கரண்டு வந்தது. 2016-இல் ரெண்டாவது உலை. 2017-லயும் 2021-லயும் இன்னும் நாலு உலைக்கு வேலை ஆரம்பிச்சது.

தேர் நின்னுடுச்சா? நிக்கலையே! நகர்ந்துச்சு. ஆனா கட்டை போட்டு நகர்ந்துச்சு. நீங்களும் நானும் கொஞ்சமாவது நிம்மதியாத் தூங்குறோம்னா, அந்த 15 கட்டளைக்கு நன்றி சொல்லணும். அந்தக் கட்டளை வர்றதுக்குக் காரணம் யாரு? அங்க பந்தல்ல பீடி சுத்திக்கிட்டே கேள்வி கேட்டாளே, அந்தப் பொம்பளை. சக்கரத்துக்குப் பக்கத்துல நிக்கிறவ. நான் இங்கே தெற்கே பார்த்து நூத்தம்பது கிலோமீட்டர் தள்ளி நின்னு வடம் பிடிக்கிறவ. சக்கரம் அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அதிலயும் பாருங்க, எரிபொருளை வைக்கிற கிடங்கை அஞ்சு வருஷத்துல கட்டணும்னு சொன்னதுக்கு, 2018-இல் போய் இன்னும் அவகாசம் வேணும்னு கேட்டாங்க. கஷ்டமான வேலைதான், புரியுது. ஆனா அந்த ஊர்க்காரன் மறுபடியும் ‘என்ன ஆச்சு?’ன்னு கேட்டா, தயவுசெஞ்சு ‘உனக்குத் தெரியாது’ன்னு சொல்லாதீங்க. உட்கார்ந்து பதில் சொல்லுங்க. சிலிண்டர் மாட்ட வந்த அண்ணன் மாதிரி தரையில உட்கார்ந்து சொல்லுங்க.

அறியாமைக்கு மருந்து பாடம். அவநம்பிக்கைக்கு மருந்து உண்மை. பாடம் நடத்தி நடத்தி நாற்பது வருஷம் ஆச்சு, நோய் தீரல. அப்போ நோய் எதுன்னு மருந்தே சொல்லிடுச்சே, நடுவர் அவர்களே!

நாளைக்கு மறுநாள் தேர். வடம் பிடிக்க வர்ற தாய்மார்கள் ஒரு நிமிஷம் பின்னால திரும்பி, அந்தக் கட்டை போடுறவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு இழுங்க. நடுவர் அவர்கள், மக்கள் தயங்குறதுக்குக் காரணம் அவநம்பிக்கையேன்னு நல்ல தீர்ப்பு சொல்வீங்கங்கிற நம்பிக்கையோட, அந்த நம்பிக்கையையாவது காப்பாத்துங்கன்னு கேட்டுக்கறேன்.

(நீண்ட கைதட்டல்)